சரியாக வேலை செய்தால் என்ன நடக்கும்?

எங்கள் பட்டறையில் ஸ்பிரிங் வாங்க வேண்டுமென்றால் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதித் தர வேண்டும். ஒன்று வாங்கினாலும் ஐந்து, ஒரு லட்சம் வாங்கினாலும் ஐந்து. இது எதற்குள் உட்காரப் போகிறது? எத்தனை தடவை அழுந்தும்? கையாளப் போவது யார்? உடைந்துபோனால் என்ன நடக்கும்? கடைசியாக, சரியாக வேலை செய்தால் என்ன நடக்கும்? வாங்கி விற்கிறவர் எழுதினால் செல்லாது. கையாளப் போகிறவரே நேரில் வந்து, முன்னறை மேஜையில் உட்கார்ந்து, சொந்தக் கையால் எழுத வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரின் வட கோடியில், வருடத்தில் ஐந்து மாதம் பனியும் ஒரு மாதம் சேறுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. இதற்காக இங்கே வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்களா என்று கேட்பீர்கள். வந்தார்கள். அவ்வளவு நல்ல ஸ்பிரிங்.

முதலாளி ஆரின் வார்னிக்கு இந்தக் கிறுக்கு காரணமில்லாமல் வரவில்லை. நான் சேருவதற்கு முன்னால், யாரோ ஒரு தரகர் கேட்டார் என்று கனமான ஸ்பிரிங் நூறு சுற்றிக் கொடுத்திருக்கிறார். அது ஏதோ அட்டை வெட்டுகிற மெஷினுக்குப் போயிருக்கிறது. தெற்கே ஒரு பட்டறையில் அந்த மெஷின் ஒரு பெண்ணின் மூன்று விரல்களை எடுத்துவிட்டது. வழக்கு வந்தது. நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை, அது சரியாகத்தான் வேலை செய்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆரின் விடுதலை. வேறொருவனாக இருந்தால் அன்றைக்குக் குடித்துக் கொண்டாடியிருப்பான். இந்த மனிதர் வீட்டுக்கு வந்து ஐந்தாவது கேள்வியை எழுதினார்.

அதற்குப் பிறகு யாருக்கும் விலக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து எழுதினார்கள். அவருடைய சொந்த அக்கா தபால் பெட்டி மூடிக்கு ஒரு ஸ்பிரிங் கேட்டபோது அந்த அம்மாளையும் உட்காரவைத்து எழுதவைத்தார். "சரியாக வேலை செய்தால் மூடி மூடிக்கொள்ளும், முட்டாளே" என்று அந்த அம்மாள் எழுதியது இன்னும் கோப்பில் இருக்கிறது.

ஆரின் தன்னை லிபர்டேரியன், அரசாங்கம் யார் விஷயத்திலும் கைவைக்கக் கூடாது என்கிற கட்சி, என்று சொல்லிக்கொள்வார். ஊரார் சொல்வது வேறு, அதை இங்கே எழுத முடியாது. மார்ச் மாதம் ஊர்க்கூட்டம் நடக்கும்போது எல்லாச் செலவுக்கும் கை தூக்கி எதிர்ப்பார். பனி தள்ளுகிற புது லாரிக்கு எதிர்ப்பு, நூலகத்துக் கூரைக்கு எதிர்ப்பு. பிறகு தன் சொந்தக் காசில் ஆள் வைத்து அதே நூலகக் கூரையைச் சரிசெய்து கொடுப்பார். கேட்டு வாங்கு, வரி என்று பிடுங்கி வாங்காதே என்பார். வீட்டில் ஏழு துப்பாக்கி வைத்திருக்கிறார். ஈராக் போர் தொடங்கிய வருடம், பக்கத்துக் கல்லூரி ஊரிலிருந்து அமைதிக்காரர்கள் சிலர் இவரும் போரை எதிர்க்கிறார் என்று கேள்விப்பட்டு மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். பத்து நிமிஷம் பேசினார்கள். அந்தப் பணத்தை வைத்து அரசாங்கம் என்னென்ன நல்லது செய்யலாம் என்று ஒரு பெண் பட்டியல் போட ஆரம்பித்ததும் ஆரின் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். போரை ஆதரித்து வண்டியில் கொடி கட்டியவர்கள் அவரைத் துரோகி என்றார்கள், மெழுகுவர்த்திக்காரர்கள் காட்டான் என்றார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு மனிதர் நிம்மதியாகத்தான் இருந்தார்.

நான் லோர்னா திபோடோ. பத்தொன்பது வருடமாக அங்கே மெஷின் அமைக்கிறவள். கம்பி சுற்றுகிற மெஷினை ஓட்ட யாராலும் முடியும். ஆனால் மெல்லிய கம்பிக்கு அதைத் திருகித் திருகி அமைக்கிறது வேறு வேலை. தலைமுடி கனக் கம்பியில், அரிசி மணி அளவுக்கு ஒரு ஸ்பிரிங் வர வேண்டுமென்றால் அந்த மலைப் பக்கத்தில் என் கை ஒன்றுதான். முன்பு ஆரினும் செய்வார். இரண்டு வருடமாக அவருடைய வலது கை நடுங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆரினுடைய கட்சி இல்லை. என் மகன் கோல்பி பத்தொன்பது வயதில் ராணுவத்தில் கையெழுத்துப் போட்டான். பீரங்கிப் படை. இந்தக் கதை நடந்த மார்ச்சில் ஈராக்கில் அவனுக்கு இரண்டாவது முறை. அவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று என் வீட்டுத் தபால் பெட்டியில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தேன், மழையில் நைந்தால் புதிதாகக் கட்டுவேன். போரை ஆதரித்தவர்களுக்குத்தான் நானும் ஓட்டுப் போட்டேன்.

மார்ச் முதல் வாரத்தில் லண்ட்கிரன் என்கிற ஆள் வந்தார். பெரிய ஆயுதக் கம்பெனி ஒன்றின் கொள்முதல்காரர். நாற்பது வயசு இருக்கும், மரியாதையான மனிதர், பூட்ஸில் சேறு ஒட்டினதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பீரங்கிக் குண்டின் மூக்கில், குண்டு தரையில் பட்டதும் வெடிக்கவைக்கிற சின்னப் பொறி ஒன்று இருக்கிறதாம். அதற்குள் இருக்க வேண்டிய ஸ்பிரிங் நாற்பதாயிரம் வேண்டும். வழக்கமாகச் செய்து தருகிற தொழிற்சாலை கையை விரித்துவிட்டது. இந்த அளவில், இந்தத் துல்லியத்தில் செய்யக்கூடிய இடம் என்று விசாரித்ததில் எங்கள் பெயர் வந்திருக்கிறது.

ஆரின் படிவத்தை நீட்டினார். லண்ட்கிரன் படித்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு, தான் சிரிப்பதற்காக அது தரப்படவில்லை என்று புரிந்ததும், தன் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து வைத்தார். இது சாதாரண ஆர்டர் இல்லை என்றார். பாதுகாப்பு உற்பத்திச் சட்டப்படி முன்னுரிமை முத்திரை குத்திய ஆர்டர். செய்யக்கூடியவர் மறுக்கக் கூடாது. மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை முதலில் முடிக்க வேண்டும். வேண்டுமென்றே மறுத்தால் ஒரு வருடம் வரை சிறை, பத்தாயிரம் டாலர் வரை அபராதம்.

ஆரின் அந்தத் தாளை வாங்கி, சட்டத்தின் முழு வாசகமும் வேண்டும் என்றார். லண்ட்கிரன் அதையும் கொண்டுவந்திருந்தார், பாவம். நல்ல மனசோடு கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது ஆரின் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். விற்பவர் எல்லோருக்கும் வழக்கமாக வைத்திருக்கிற விற்பனை நிபந்தனைகளுக்கு வாங்குபவர் இணங்காவிட்டால், அந்த ஆர்டரை மறுக்கலாம்.

"என் நிபந்தனை அந்த மேஜையில இருக்கு, தம்பி" என்றார் ஆரின். "யார் கையாளப் போறாரோ அவர் வந்து எழுதட்டும். எழுதினா செய்யறேன்."

கையாளப் போகிறவர்கள் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் சண்டையில் இருக்கிறார்கள் என்று லண்ட்கிரன் சொன்னார். அது தன்னுடைய தப்பு இல்லை என்று ஆரின் சொன்னார்.

அவர்கள் சும்மா விடவில்லை. ஒரு வக்கீலும் ஒரு பெண்ணும் வந்து, எங்கள் அலமாரிகளைத் திறந்து, இருபது வருடத்துப் படிவங்களை இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினார்கள். ஒரே ஒருவருக்காவது விலக்குக் கொடுத்திருந்தால் போதும், வழக்கம் என்ற பேச்சு அடிபட்டுப்போகும். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அக்காவின் தபால் பெட்டிப் படிவத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் வெளியே புகைக்கப் போயிருந்தபோது, அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"உங்க படிவம், உங்க கொள்கை, உங்க பென்சில் கோடு. அங்க நிக்கிறது என் பையன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா இப்படிப் பண்றீங்க? அவன் பீரங்கிக்குக் குண்டு பத்தாம அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்னைப் பாப்பீங்க?"

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். "லோர்னா, நாளைக்கே எவனாவது இந்த மலையேறி நம்மள அடிக்க வந்தான்னா, ராப்பகலா நின்னு சுத்திக் குடுப்பேன். படிவம் கேக்க மாட்டேன், காசும் கேக்க மாட்டேன். அந்த ஊர்க்காரன் எவன் இங்க வந்தான், சொல்லு. நம்ம பள்ளிக்கூடத்துக்கு முன்னால இருக்கிற குழிய மூணு வருஷமா மூடத் தெரியாத கவர்மென்ட்டு, ஆறாயிரம் மைல் தள்ளிப் போய் நாடு கட்டிக் குடுக்கப் போகுதாம். நீயும் நம்பற."

அங்கே ஒரு கொடுங்கோலன் இருந்தானே, ஜனங்களைக் கொன்றானே என்று கேட்டேன். தொலைக்காட்சியில் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"இருந்தான். அவன்கிட்டேருந்து அவங்கள மீட்கணும்னு உனக்குத் தோணுதா, போ. உன் காசுல, உன் உயிர வெச்சுப் போ. தொப்பியக் கழட்டி வணக்கம் வைக்கிறேன். அடுத்தவங்க பையன அனுப்பறதுக்குப் பேரு வேற."

"என் பையன் தானாத்தான் போனான். எவனும் பிடிச்சுத் தள்ளல."

"இந்த ஊரக் காப்பாத்தறேன்னு கையெழுத்துப் போட்டான். நல்ல பையன், நல்ல கையெழுத்து. அதக் கொண்டுபோய் எங்க செலவு பண்றாங்க பாரு." அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "போர் வேணும்னா காங்கிரஸ் சபை கூடி, ஆமா போர்னு பேர் சொல்லி ஓட்டுப் போடணும்னு அரசியல் சட்டத்துல எழுதி வெச்சிருக்கு. எவனாவது போட்டானா? ஜனாதிபதி ஒருத்தன் கையில சாவியக் குடுத்துட்டு, நாளைக்குத் தப்பாப் போனா எனக்குத் தெரியாதுன்னு நகந்துட்டானுங்க. என்னைக் கேக்காம என் பைக்குள்ள கையவிட்டுக் காச எடுத்தான். அதத் தடுக்க என்னால முடியல. இப்ப என் கையும் வேணுமாம். அது முடியாது."

நான் அவரைத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை. பிள்ளை இல்லாதவருக்கு என்ன தெரியும் என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தார், அன்றைக்கு அதை அப்புறம் சாப்பிடவும் இல்லை.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. கையாளப் போகிறவர் வர வேண்டும், அவ்வளவுதானே. ராணுவத்தில் ஒரு வருடம் போனால் நடுவில் இரண்டு வாரம் விடுப்புத் தருவார்கள். கோல்பிக்கு அது பன்னிரண்டு நாளில் வரப் போகிறது. அவன் பீரங்கிக்காரன். அந்தக் குண்டுகளைத் தூக்கித் திணிக்கிறவனே அவன்தான். அவன் வந்து மேஜையில் உட்கார்ந்து ஐந்து வரி எழுதினால், ஆரின் வாயைத் திறக்க முடியாது. அவருடைய நிபந்தனையாலேயே அவரை மடக்கிவிடலாம்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் லண்ட்கிரனுக்குப் போன் செய்தேன். அந்த மனிதர் விவரத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றார். நானும் பெருமையாகத்தான் போனை வைத்தேன்.

ஆரினிடம் மறைக்கவில்லை. மறுநாளே சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நியாயந்தான். கோல்பி எழுதினா செல்லும்" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மெஷின் பக்கம் வந்து, அவனிடம் கேட்டாயா என்றார். அவன் என்ன மாட்டேன் என்றா சொல்லப் போகிறான் என்றேன்.

கோல்பி வந்து இறங்கினான். இளைத்திருந்தான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டது எப்போதும் போலத்தான் இருந்தது, அதற்கப்புறம் எதுவும் எப்போதும் போல இல்லை. பகலெல்லாம் தூங்கினான். ஏப்ரலுக்குச் சில நாளே இருந்தது, எல்லார் வீட்டிலும் மேப்பிள் பாகு காய்ச்சுகிற வாசனை. சின்ன வயசில் அந்த வாசனைக்கே ஓடுவான். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தபோது நன்றி சொல்லி வாங்கி மேஜையில் வைத்தான், ஆறிப்போய் அங்கேயே இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தாய்க்குத் தெரியாதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கவும் தெரியும்.

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டான். என்ன ஸ்பிரிங் என்று கேட்டான். சொன்னேன். ஓகோ, அது நீ செய்யப் போகிறாயா என்றான். ஆமாம், நான்தான் மெஷினை அமைக்க வேண்டும் என்றேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சரி என்றான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லண்ட்கிரன் வந்தார். கூட வக்கீல் யாரையும் கொண்டுவரவில்லை. கோல்பியைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகுலுக்கி, உங்கள் சேவைக்கு நன்றி என்றார். கோல்பி தலையை ஆட்டினான். ஆரின் தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, சுவரோடு நின்றுகொண்டார். முன்னறையில் நாங்கள் நான்கு பேர்தான். உள்ளே பட்டறையில் இரண்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நான்கு கேள்விகளுக்கும் அவன் தயங்கவே இல்லை. எதற்குள் உட்காரும்? குண்டின் மூக்கில். எத்தனை தடவை அழுந்தும்? ஒரே தடவை. கையாளப் போவது யார்? நான். உடைந்தால் என்ன நடக்கும்? குண்டு வெடிக்காமல் மண்ணில் கிடக்கும்; எப்போதாவது யாராவது அதை எடுப்பார்கள்.

ஐந்தாவதுக்கு வந்ததும் பேனா நின்றது. லண்ட்கிரன் உதவி செய்வதாக நினைத்து, இலக்கு அழிக்கப்படும் என்று எழுதினால் போதும் என்று மெதுவாகச் சொன்னார். கோல்பி அவரை நிமிர்ந்து பார்க்காமல் எழுத ஆரம்பித்தான். எழுதிக்கொண்டே இருந்தான். கட்டம் முடிந்து, தாளைத் திருப்பி, பின்பக்கமும் எழுதினான். எழுதி முடித்து ஆரினிடம் நீட்டினான். ஆரின் கை நடுங்கியதில் தாள் படபடத்தது. அவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். படிவங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

"நாங்கள் பத்து மைல் தள்ளி இருப்போம். எங்கே சுட வேண்டும் என்று எண்கள் வரும். அந்த எண்களுக்கு ஏற்பப் பீரங்கியைத் திருப்பிச் சுடுவோம். என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. சரியாக விழுந்தது என்று வானொலியில் சொல்வார்கள், நாங்கள் சந்தோஷப்படுவோம். ஜனவரியில், சுட்டு எட்டு நாள் கழித்து அந்த வழியாகப் போனோம். ஒரு வீட்டு வாசல் கதவு நின்றுகொண்டிருந்தது. வீடு இல்லை. நிலையும் கதவும் மட்டும். எங்கள் சார்ஜென்ட் வேடிக்கைக்குக் கதவைத் தட்டினார். நான் தள்ளிப் பார்த்தேன், திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு தையல் மெஷினையும் இழுத்து வைத்திருந்தார்கள். யாரோ வந்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார்கள். எங்கள் எண்கள் சரியாகத்தான் இருந்தன. குண்டும் சரியாக வேலை செய்தது."

படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அவன் கையெழுத்து சின்ன வயசிலிருந்தே கோணலாக இருக்கும். இதை அழகாக, நிதானமாக எழுதியிருந்தான்.

"குண்டு கொறஞ்சிருந்தா உனக்கு ஆபத்துன்னு நெனச்சேன்டா" என்றேன்.

"குண்டு கொறஞ்சு அங்க யாரும் சாகலம்மா" என்றான். "எங்க பீரங்கிப் பிரிவுல ஆறு பேர் செத்தாங்க. ரோட்டுல போயிட்டிருந்தப்ப. அந்த ரோட்டுல நாங்க ஏன் போறோம்னு அந்த ஊர்ல இருக்கிற ஒவ்வொருத்தனும் கேக்கிறான். எங்களுக்கே தெரியல."

லண்ட்கிரன் முகம் வெளுத்திருந்தது. படிவத்தை நான் அவரிடமும் கொடுத்தேன், வாங்குபவர் படிக்க வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். படித்தார். மரியாதையான மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே, இரண்டு தடவை படித்தார். இது வருத்தமான விஷயம்தான், ஆனால் ஐந்து கேள்விக்கும் பதில் எழுதியாகிவிட்டது, நிபந்தனை நிறைவேறிவிட்டது என்றார். சட்டப்படி இனி மறுக்க இடமில்லை.

"ஆமா, நிறைவேறிடுச்சு" என்றார் ஆரின். நான் அவரைப் பார்த்தேன். அத்தனை நாள் அவருக்கு அரணாக இருந்த அந்தப் பென்சில் கோடு போய்விட்டது. எழுபது வயசு ஆகப்போகிற மனிதர், கை நடுங்குகிறது, ஒரு வருட சிறை அவருக்கு எப்படி முடியும் என்பது எனக்குத் தெரியும். "படிவம் சரியா இருக்கு. இனிமே நிபந்தனை, சட்டம்னு எதுக்குப் பின்னாலயும் ஒளிஞ்சுக்க மாட்டேன். நேராவே சொல்றேன், எழுதிக்கோ. செய்ய மாட்டேன். எங்க கூப்பிட்டாலும் வரேன், அங்கயும் இதத்தான் சொல்லுவேன்."

"நீங்க ஜெயிலுக்குப் போறதுல எனக்கு என்ன லாபம், மிஸ்டர் வார்னி?" லண்ட்கிரன் குரலில் களைப்பு இருந்தது. "எனக்கு ஸ்பிரிங் வேணும். நீங்க செய்ய வேண்டாம். நீங்க ஒதுங்கி நின்னாப் போதும். மெஷின் இருக்கு, கம்பி நான் அனுப்பறேன். மேடம் அமைச்சுக் குடுத்துடுவாங்க. அவங்கதானே எனக்குப் போன் பண்ணினதே."

அப்போதுதான் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆரின் என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். என் பட்டறை, என் மெஷின், எவளும் தொடக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவரிடம் கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பாவி மனிதர் அதைச் சொல்லவில்லை. "அவ கை அவளோடது" என்றார். "பண்ணுன்னும் சொல்ல மாட்டேன், பண்ணாதன்னும் சொல்ல மாட்டேன்."

கோல்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். என்னை நெருக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்பது நாளில் அவன் திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால் அவனையும் பிடித்துக்கொண்டு போவார்கள். அவனுக்காக நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது, ராணுவத்தில் கையெழுத்துப் போட்டபோதே அந்த உரிமையை அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த ஊரில் கதவுக்கு முட்டுக்கொடுத்தவர்களுக்காகவும் இனி எதுவும் செய்ய முடியாது. என்னிடம் மிச்சம் இருந்தது இரண்டு கை.

பயமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஊரில் எனக்கு இனி எவ்வளவு பேர் முகம் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். தேவாலயத்தில் என் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் மகனும் அங்கேதான் இருக்கிறான். அவளிடம் போய் என்ன சொல்வது? அதற்கு மேலே, நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று ஐம்பத்து மூன்று வயசில் ஒத்துக்கொள்வது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

"செய்ய மாட்டேன்" என்றேன்.

லண்ட்கிரன் கேட்டது நிஜமான ஆச்சரியத்தோடுதான். "உங்க சொந்தப் பையனே அங்க இருக்கான். நீங்களா மேடம் இப்படிச் சொல்றீங்க?"

"அவன அனுப்பறப்ப என்னைக் கேக்கல சார்" என்றேன். "ரெண்டாவது தடவ அனுப்பறப்பவும் கேக்கல. அந்த ஊர்ல யார் வீட்டு மேல போடலாம்னும் கேக்கல. இப்பதான் மொத மொதல்ல நீங்க வந்து கேக்கறீங்க. கேட்டதுக்குப் பதில் சொல்றேன்."

லண்ட்கிரன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். யார் யார் மறுத்தார்கள் என்று மேலே அறிக்கை அனுப்ப வேண்டும், வேறு வழி இல்லை என்றார். ஆரின் பெயரை எழுதினார். அடுத்த வரியில் என் பெயருக்கு வந்து தடுமாறினார். திபோடோ பிரெஞ்சுப் பெயர், வெளியூர்க்காரர்கள் யாரும் அதைச் சரியாக எழுதினதே இல்லை. வரி பில்லில்கூடத் தப்பாகத்தான் வரும். நான் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மூன்றாவது எழுத்தைத் தப்பாகப் போட்டார். அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன்.